பாடத்திட்டக் குழுவினருக்கு: போரைக் கேலி செய்யும் கதை ஒன்றாவது வையுங்கள்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். இலக்கியப் பாடத்தில் போர் என்றாலே வீரம், இல்லாவிட்டால் கண்ணீர். இரண்டும் இருக்கட்டும். போரைப் பார்த்துச் சிரிக்கிற கதைகளை மட்டும் ஏன் ஒதுக்குகிறீர்கள்?

1961-இல் வந்த 'கேட்ச்-22' நாவலைப் பாருங்கள். எழுதிய ஜோசப் ஹெல்லர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். நாவலில் ஒரு விதி வருகிறது. பைத்தியம் பிடித்த விமானியைப் பறக்க அனுப்பக் கூடாது. ஆனால் அந்த விலக்கை அவனே வந்து கேட்க வேண்டும். கேட்டுவிட்டானா? அப்படியானால் உயிர்ப்பயம் இருக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது, போய்ப் பறக்கட்டும்! அந்தக் காலத்து விமானங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. இப்படி விதி எழுதுகிறவர்கள் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. நாவல் பழசாகாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானெகட், 1945-இல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் எரிந்தபோது அங்கே போர்க்கைதியாக இருந்தார். அவருடைய 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' நாவலில் ஊரே சாம்பலான பிறகு, இடிபாட்டில் கிடந்த ஒரு தேநீர்க் கெண்டியை எடுத்த கைதியை முறைப்படி விசாரித்துச் சுட்டுக் கொல்கிறார்கள். ஊரை எரித்தவர்களுக்கு விசாரணை கிடையாது. பக்கம் பக்கமாகப் புலம்பினாலும் அந்தக் கெண்டி அளவுக்கு உறைக்காது.

எதிர்ப்பு வரும் என்பீர்கள். வரும்தான். அமெரிக்காவில் டிரேக் என்ற சிற்றூரில் 1973-இல் இதே நாவலின் பிரதிகளைப் பள்ளி உலையிலேயே போட்டு எரித்தார்கள். படித்துச் சிரித்திருந்தால் விறகாவது மிஞ்சியிருக்கும்.

சரி, முழு நாவல் வேண்டாம். செக் எழுத்தாளர் யாரொஸ்லாவ் ஹாஷெக்கின் 'ஸ்வைக்' நாவலில் முதல் அத்தியாயம் போதும். ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டைக் கொன்றுவிட்டார்கள் (முதல் உலகப் போர் மூண்டது இந்தக் கொலையில்தான்) என்று வேலைக்காரம்மா சொல்ல, 'எந்த ஃபெர்டினாண்ட்?' என்று கேட்கிறான் ஸ்வைக். அவனுக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்; அதில் ஒருவன் தலைக்குத் தடவும் எண்ணெயைத் தவறிக் குடித்தவன். அப்புறம் மதுக்கடைக்காரர் கதை. பேரரசர் படத்தில் ஈக்கள் அசிங்கம் செய்ததால் கழற்றி வைத்தேன் என்கிறார் பாவம், ரகசியப் போலீஸ்காரன் காதிலேயே. சிறைக்குப் போகிறார்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதன் கீழே 'இக்கதையின் மையக்கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக' என்று போட்டுவிடாதீர்கள். கடைக்காரர் செய்த குற்றம் என்ன என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்