ஃப்ரீ சீட்டுக்குத் தலையாட்டும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. கல்லூரி வாலிபால் டீம் ட்ரையல்ஸில் எடுத்துவிட்டார்கள், ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டலும் சாப்பாடும் ஃப்ரீ என்று ஒரே மூச்சில் சொன்னாய். "அப்போ கவுன்சிலிங்?" என்று பின்னாலிருந்து அப்பா கேட்டதும் காதில் விழுந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அப்பா கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அதில் கட்-ஆஃபை விட, உன் விளையாட்டுச் சான்றிதழ்களுக்குப் போடும் மதிப்பெண்தான் உன்னை மேலே கொண்டுபோகும். எம்.பி.பி.எஸ். என்றால் மாநிலம் முழுவதற்கும் 7 இடம், அதற்கும் நீட் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2024-இல் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் விளையாட்டு வீரர்களுக்குக் கூடுதலாக 2 இடம் ஒதுக்கியது, அதில் ஒன்று பெண்களுக்கே. நல்ல காரியம்தான். ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும், நீ அந்தப் பக்கமே போகவில்லை. சரி, விடு.

இனி ஃப்ரீ சீட்.

நானும் வாலிபால் ஆடித்தான் கல்லூரிக்குள் போனேன் என்று உனக்குத் தெரியும். எப்படி வெளியே வந்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. இரண்டாம் வருடம், ஒரு பிளாக்கிற்கு எம்பி இறங்கும்போது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷனுக்குத் தாத்தா நகையை வைத்துப் பணம் புரட்டினார். கட்டோடு திரும்பிப் போனால், டீமில் இல்லாதவருக்கு ஹாஸ்டல் கிடையாது, அடுத்த செமஸ்டருக்கு ஃபீஸ் கட்டு என்றார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் எதிர்த்துக் கேட்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. சேரும்போது கோச் சொன்ன வாய்வார்த்தை மட்டும்தான் இருந்தது, அவரும் அதற்குள் வேறு இடம் போய்விட்டார். மூன்றாம் வருடம் அஞ்சல் வழியில் படித்து முடித்தேன். இன்றும் படியிறங்கும்போது அந்தக் கால் வலிக்கும். அதைவிட, அந்த ஆபீஸ் வாசலில் தாத்தா நின்ற நிலை.

அதனால்தான் சொல்கிறேன், சேர்வதற்கு முன் கேட்டுவிடு. அடிபட்டால் சீட்டும் ஹாஸ்டலும் படிப்பு முடியும்வரை இருக்குமா? சிகிச்சைச் செலவு யாருடையது? தென்மண்டலப் பல்கலைக்கழகங்கள் மோதும் சவுத் ஜோன் போட்டியும் செமஸ்டர் பரீட்சையும் ஒரே வாரத்தில் வந்தால் தனியாகப் பரீட்சை வைப்பார்களா, இல்லை அரியர்தானா? கல்லூரிக்காக ஆடப் போனதாக ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்ட நாளெல்லாம் வருகைப்பதிவில் சேருமா? பதிலை லெட்டர்ஹெட்டில் வாங்கு. இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதே. கல்லூரி விளையாட்டில் கோடிகள் புரளும் அமெரிக்காவிலேயே, ஆட்டம் சரியில்லை என்பதற்காக மாணவரின் உதவித்தொகையைப் பறிக்கக்கூடாது என்று கல்லூரி விளையாட்டின் ஐந்து பெரிய கூட்டமைப்புகள் விதி போட்டது 2015-இல்தான். இங்கே உனக்கு நீதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எழுதிக் கொடுக்கிறார்கள் என்றால் தைரியமாகப் போ. நல்ல கோர்ட், தினம் இரண்டு வேளை பிராக்டீஸ், உன்னைவிட நன்றாக ஆடும் அக்காக்கள், இதெல்லாம் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கும் இந்த மூன்று வருட ஆட்டம் உதவும். தர மறுத்தால் கவுன்சிலிங்குக்கு வா, 500-இல் ஒரு இடத்துக்கு முட்டிப் பார்ப்போம்.

அப்புறம், நீ வாட்ஸாப்பில் அனுப்பிய நேஷனல்ஸ் சான்றிதழைப் பார்த்தேன். அதில் உன் இனிஷியல் தப்பாக இருக்கிறது. மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகாவிட்டால் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், வாலிபால் சங்கச் செயலாளரை நேரில் பார்த்துத் திருத்தி வாங்குவோம். ஒரிஜினலை லேமினேட் பண்ணிவிடாதே.

அன்புடன்,
அத்தை