வண்ணத்துக்கு முன் பசையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய மரக் கிளைடர்களை, அதாவது எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் விமானங்களை, புதுப்பிப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை புதுத் துணி, புது வண்ணம் என்பதோடு நின்றுவிட்டது. கிளைடரின் ஆயுள் பசையில் இருக்கிறது.

ஜெர்மனியில் எட்மண்ட் ஷ்னைடர் 1931-இல் கொண்டுவந்த ‘குருனாவ் பேபி’யையே எடுத்துக்கொள்வோம். நுனிக்கு நுனி சுமார் 13 மீட்டர் இறக்கை. உள்ளே மரச் சட்டங்கள், முன்விளிம்பில் மெல்லிய பிளைவுட், மீதிக்குத் துணி. அந்தக் காலத்து மர விமானங்களில் பல, பாலிலிருந்து எடுத்த கேசின் பசையால் ஒட்டப்பட்டவை. ஈரம் இறங்கினால் பூஞ்சை அந்தப் பசையையே தின்றுவிடும். பின்னால் வந்த யூரியா பசைக்கு வேறு சீக்கு: வயதானால் நொறுங்கும். மேலே பூச்சு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே இது நடக்கும்.

இறக்கையின் அடிப்புறத் துணியை அறுத்து, நீர் தேங்கும் மூலையில் ஒரு சிறு ஒட்டுக்கட்டையை உளியால் நெம்பிப் பாருங்கள். மரநார் பிய்ந்துகொண்டு வந்தால் பசை நன்றாக இருக்கிறது. வழவழவென்று சுத்தமாகப் பிரிந்தால், அதே சமயத்தில் போட்ட எல்லா ஒட்டும் சந்தேகம்தான். இரும்பு போல்ட்டைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் கழற்றிப் பார்க்காமல் விடக் கூடாது.

ஸ்பாரில், அதாவது இறக்கையின் சுமையைத் தாங்கும் நீளவாட்டு உத்தரத்தில், புது மரம் இணைக்கும்போது ஒட்டும் முனைகளின் சாய்வு 1-க்கு 12 வேண்டும். அதாவது 20 மி.மீ. தடிமனுக்கு 240 மி.மீ. நீளம். ரெசார்சினால் பசை என்றால் 21 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல், கிளாம்ப் போட்டு நன்றாக அழுத்தி உலரவிட வேண்டும். இடைவெளியை அது நிரப்பாது. எப்பாக்சி பசை நிரப்பும், ஆனால் வெயிலில் கொதிக்கும் அடர்நிற இறக்கையில் இளகும். வெள்ளை அடிப்பது அழகுக்காக மட்டுமல்ல. தச்சுப் பட்டறையில் ஓடும் வெள்ளைப் பசையைத் தொடவே வேண்டாம். ஓயாத சுமையில் ஒட்டு மெல்ல நழுவும்.

பாலியஸ்டர் துணியை இஸ்திரிப் பெட்டியால் சுருக்கி இறுக்குவார்கள். பருத்தித் துணிக்காகக் கட்டிய மெல்லிய பின்விளிம்பு, சூடு மிஞ்சினால் ரிப்களுக்கு (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களுக்கு) நடுவே உள்வாங்கிவிடும். பெட்டியின் டயலை நம்பாமல் வெப்பமானியால் அளந்துகொள்ளுங்கள். பூச்சின் எடையும் சும்மா விடாது: வால் முனையில் ஒரு கிலோ கூடினால் சமநிலைக்காக மூக்கில் ஏறத்தாழ இரண்டு கிலோ ஈயம் வைக்க வேண்டிவரும்.

1961-இல் பறந்த நம் ‘ரோகிணி’யும் மரக் கிளைடர்தான். எந்த விமானக் கொட்டகையிலாவது ஒன்று கிடந்தால், பெயிண்ட் வாங்க நன்கொடை திரட்டும் முன் அதன் அடிப்புற வடிகால் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்,
கோவை