நீதிபதி யாராக இருந்தால் என்ன?

அன்புள்ள அண்ணா,

"சட்டம் ஒன்றுதான், புத்தகம் ஒன்றுதான். உட்காருபவர் ஆணா பெண்ணா, கறுப்பா வெளுப்பா என்று எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டீர்கள். வாழ்நாள் முழுக்க வக்கீலாக இருந்த உங்களிடம் நேரில் வாதாடி ஜெயிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

கடன் பத்திரம் காலாவதியாகிவிட்டதா என்று பார்க்க யார் உட்கார்ந்தாலும் ஒரே விடைதான். சரி. ஆனால் 'நியாயமான அச்சம்', 'வரம்பு மீறிய சோதனை' என்று சட்டம் நீதிபதியிடமே விட்டுவிடும் இடங்கள் உண்டே? அங்கே அவர் தான் வாழ்ந்து பார்த்ததை வைத்துத்தான் அளக்கிறார்.

2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. வலி மாத்திரை ஒளித்து வைத்திருக்கிறாள் என்ற சந்தேகத்தில், பள்ளியில் 13 வயது மாணவியை உள்ளாடை வரை சோதித்திருந்தார்கள். விசாரணையில் ஒரு நீதிபதி இதை விளையாட்டு வகுப்புக்கு உடை மாற்றுவதோடு ஒப்பிட்டார். ஒன்பது பேரில் ஒரே பெண்ணான ரூத் பேடர் கின்ஸ்பர்க், தன் சகாக்கள் யாரும் 13 வயதுப் பெண்ணாக இருந்ததில்லை என்று தீர்ப்பு வருமுன்பே ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். முடிவில் எட்டுப் பேர் அந்தச் சோதனை தவறு என்றார்கள். கின்ஸ்பர்க் இல்லாமலும் அப்படித் தீர்ப்பு வந்திருக்கலாம், மறுக்கவில்லை.

அதனால் எண்ணிக்கைக்கு வருகிறேன். 2010இல் பாய்ட், எப்ஸ்டீன், மார்ட்டின் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்க மேல்முறையீட்டுத் தீர்ப்புகளை ஆராய்ந்தார்கள். 13 வகை வழக்குகளில் 12இல் ஆண், பெண் நீதிபதிகளுக்குள் சொல்லும்படி வேறுபாடே இல்லை. (இது உங்கள் கட்சிக்குச் சாதகம், எடுத்துக்கொள்ளுங்கள்.) பாலினப் பாகுபாட்டு வழக்கில் மட்டும், வழக்குத் தொடுத்தவர் பக்கம் ஆண் நீதிபதி தீர்ப்பளிக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதப் புள்ளிகள் குறைவு. எனக்குப் பெரிதாகப் பட்டது அடுத்த விஷயம்தான். அமர்வில் ஒரு பெண் இருந்தால், கூட இருக்கும் ஆண்களும் அந்தப் பக்கம் சாய்வது அதிகமாகிறது. உள்ளே யாரோ வேறு மாதிரி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், மற்றவர்கள் காது கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

'அப்போ அவரவர் தன் ஆளுக்குத்தானே தீர்ப்பு எழுதுவார்' என்பீர்கள். அதே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி தர்குட் மார்ஷல் 1991இல் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு வந்தவர் கிளாரன்ஸ் தாமஸ். இருவரும் கறுப்பர்கள், பார்வையில் வடக்கும் தெற்கும். அதே தாமஸ், 2002 டிசம்பரில் சிலுவை எரிப்பு வழக்கு விசாரணையில் வழக்கமான மௌனத்தைக் கலைத்தார். கறுப்பர்களை மிரட்டிய வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் க்ளான் நடத்திய பயங்கரத்தின் அடையாளம் அது என்றார். கருத்துச் சுதந்திரம் பற்றி ஏட்டளவில் போய்க்கொண்டிருந்த விவாதம் அத்தோடு திசைமாறிவிட்டதாகச் செய்தியாளர்கள் எழுதினார்கள். மறு ஆண்டு, மிரட்டும் நோக்கத்தோடு சிலுவை எரிப்பதை மாநிலங்கள் தடை செய்யலாம் என்று தீர்ப்பானது. தாமஸுக்கு அதுவும் போதவில்லை. அதைக் கருத்து வெளிப்பாடாகவே அவர் ஏற்கவில்லை.

இதெல்லாம் பல பேர் சேர்ந்து உட்காரும் நீதிமன்றங்களின் கதை. பெரும்பாலான வழக்குகள் முடிவது ஒற்றை நீதிபதி முன்னால்தான், பக்கத்திலிருந்து குறுக்குக் கேள்வி கேட்க அங்கே ஆளில்லை. நீங்கள் அதிகம் வாதாடியதும் அங்கேதான். ஜாமீனோ ஜீவனாம்சமோ, நீதிபதி மாறிவிட்டார் என்று தெரிந்ததும் வாதத்தை மாற்றிக்கொண்டதே இல்லையா நீங்கள்? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி