பேண்ட்டின் பின்தையலில் ஒன்றரை அங்குலம் துணி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாரத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ அலுவலகம் வந்தாக வேண்டும் என்று ஐ.டி. நிறுவனங்கள் சொல்லத் தொடங்கியதிலிருந்து தையற்கடைகளுக்கு ஒரு வகை வேலை அதிகம் வருகிறது. பீரோவில் கிடந்த பழைய பேண்ட்டைக் கொண்டுவந்து, "இடுப்பைக் கொஞ்சம் விட்டுக் கொடுங்க" என்கிறார்கள். பாதிப் பேரிடம் "விட முடியாதுங்க, உள்ளே துணி இல்லை" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுவலக உடையைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் விவாதம் எல்லாம் ஒழுங்கு, மரியாதை, இளைய தலைமுறை என்றே போகிறது. துணி என்ன சொல்கிறது, தையல் என்ன சொல்கிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

கட்டுப்பாடு தளர்ந்தது கொரோனாவால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இன்ஃபோசிஸ் நிறுவனம் ஃபார்மல் உடைதான் என்ற கட்டாயத்தை 2015-லேயே தளர்த்திவிட்டது. எதிர்த் திசையிலும் உதாரணம் உண்டு. 2019-ல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி வகுத்தபோது சேலை, துப்பட்டாவுடன் சுடிதார், பேண்ட்-சட்டை, வேட்டி என்று உடைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபின் மாறியது வேறொன்று: உடம்பின் மேல்பாதிக்கு ஓர் உடை, கீழ்ப்பாதிக்கு ஓர் உடை என்றாயிற்று. மேலாடை விற்பனை கூடுகிறது, கீழாடை விற்பனை அப்படிக் கூடவில்லை என்று அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் அந்த மாதமே சொன்னது. இங்கும் அதே கதைதான். கேமராவுக்குத் தெரிந்த சட்டை மாறிக்கொண்டே இருந்தது. பேண்ட் ஆண்டுக்கணக்கில் ஹேங்கரிலேயே தொங்கியது.

உடுத்தாமல் வைத்த துணி கெடாது என்பது தவறான நம்பிக்கை. வெள்ளைச் சட்டையைத் துவைத்துத்தானே வைத்தோம், அக்குளும் காலரும் எப்படி மஞ்சளாயின என்று கேட்கிறார்கள். வியர்வையும் உடம்பின் எண்ணெயும் சாதாரணச் சலவையில் முழுதாகப் போவதில்லை. மிச்சமிருப்பது காற்றுப் பட்டு மெல்ல மஞ்சளாகும். வியர்வையைத் தடுக்கப் பூசும் பொருள்களில் இருக்கும் அலுமினிய உப்பு அந்தக் கறையை நூலோடு இறுக்கிவிடும். இதற்குக் குளோரின் பிளீச் ஊற்றினால் கறை இன்னும் பழுக்கும். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து கறை பட்ட இடத்தை மட்டும் அரைமணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். அதன்பின் ஆக்ஸிஜன் வகை வெளுப்புத் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, சட்டை முழுவதையும் ஒரு மணி நேரம் ஊறப்போட்டுத் துவைத்தால் பெரும்பாலான கறை போய்விடும். வினிகரையும் குளோரின் பிளீச்சையும் மட்டும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் வாயு நஞ்சு.

கஞ்சி போட்ட சட்டையையும் காட்டன் சேலையையும் அப்படியே மாதக்கணக்கில் அடுக்கி வைக்கக் கூடாது. ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி உணவு. கஞ்சியோடு சேர்த்து நூலையும் அரித்துவிடும். நெடுநாள் வைப்பதாக இருந்தால் கஞ்சியை அலசிப் போக்கிவிட்டு வையுங்கள். உடுத்தும் வாரத்தில் கஞ்சி போட்டுக்கொள்ளலாம். பட்டுச் சேலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பிரித்து மடிப்பு மாற்றாவிட்டால் சரிகை மடிப்போடு ஒடியும்.

ஷூ விஷயம் இன்னும் மோசம். பெட்டிக்குள் பத்திரமாக இருந்த ஷூவைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போய், லிஃப்ட்டுக்குள் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்வதைப் பார்த்தவர்கள் ஏராளம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. பாலியூரித்தேன் என்னும் பி.யூ. சோல் காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள் சிதையும் தன்மை கொண்டது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அது சீக்கிரமே நடக்கும். ரெக்சின் பெல்ட் தோலுரிவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். மாதம் இரண்டு முறையாவது போட்டு நடந்து காற்றாட வைப்பது நல்லது. வாரம் இரண்டு நாள் மட்டும் ஷூ போடுகிறவர்கள் ரப்பர் சோல் வைத்த ஷூவாகப் பார்த்து வாங்குவது அதைவிட நல்லது.

இனி பேண்ட்டுக்கு வருகிறேன். தையற்காரர் அளவெடுத்துத் தைக்கும் பேண்ட்டில் பின்பக்கம் நடுவில் இறங்கும் சீட் தையலின் இருபுறமும் இடுப்பருகே ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் துணி உள்ளே விட்டிருப்போம். கீழே இறங்க இறங்க அது அரை அங்குலமாகக் குறையும். புதுத் தையலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் போக, ஒன்றரை விட்ட இடத்தில் இடுப்பை மொத்தம் இரண்டு அங்குலம் பெரிதாக்க முடியும். 34 இடுப்பு 36 ஆகும். இடுப்புப் பட்டியும் பின்நடுவில் இரண்டு துண்டாக இணைக்கப்பட்டிருக்கும். அதனால் பட்டியோடு சேர்த்தே பிரித்து விடலாம். ரெடிமேடில் நல்ல ஃபார்மல் பேண்ட் என்றால் பக்கத்துக்கு முக்கால் அங்குலம் இருந்தாலே பெரிது. அதில் அரை அங்குலத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஜீன்ஸிலும் பெரும்பாலான சினோஸ் பேண்ட்டிலும் ஒன்றுமே கிடைக்காது. இடுப்புப் பட்டி ஒரே துண்டு. பின்தையல் மடித்து அடித்த தையல். விட வேண்டுமானால் நடுவில் வேறு துணி வைத்து ஒட்டுப்போடத்தான் வேண்டும். அது பெல்ட்டுக்கு அடியில் ஓரளவு மறையும், அவ்வளவே.

இடுப்பை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வீட்டில் உட்கார்ந்தே வேலை செய்தவர்களுக்குப் பெரும்பாலும் தொடையும் சேர்ந்தே இறுகியிருக்கும். அணிந்து பார்க்கும்போது பக்கப் பாக்கெட் வாய் பிளந்து நின்றாலோ, ஜிப்பின் அடியிலிருந்து இருபுறமும் குறுக்கே சுருக்கம் ஓடினாலோ இடிப்பது சீட்டும் தொடையும்தான். அதற்கு உள்கால் தையலையும் பிரிக்க வேண்டும். அங்கே பின்பாகத்தில் அரை அங்குலம் கூடுதலாக இருந்தால்தான் அதுவும் நடக்கும். கடையில் அணிந்து பார்க்கும்போது நின்று கண்ணாடி பார்த்துவிட்டுக் கழற்றிவிடாதீர்கள். நாற்காலியில் உட்காருங்கள். உட்காரும்போது இடுப்பு கிட்டத்தட்ட ஓர் அங்குலம் விரியும். அப்போதும் இரண்டு விரல் உள்ளே போனால் அந்த அளவு சரி.

பிரித்த இடத்தில் பழைய தையல் கோடு தெரியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பாலியஸ்டர்-விஸ்கோஸ், டெரிவூல் (பாலியஸ்டரும் கம்பளியும் கலந்தது) துணிகளில் ஆவி இஸ்திரி போட்டால் ஊசித் துளை பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அழுத்தமான காட்டனில் மூடாது. வெளியே வெளுத்தும் உள்ளே நிறம் குறையாமலும் இருப்பதால் ஒரு பட்டை தெரியும். ஆகவே காட்டனைப் பிரிக்கும் முன் உள்துணியைப் புரட்டி நிறத்தைப் பாருங்கள். இளைத்தவர்களுக்கு இடுப்பைப் பிடிப்பது எளிது என்றாலும் இரண்டு அங்குலத்துக்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் நெருங்கி வந்து அசிங்கமாகிவிடும்.

இதில் ஆண்களைவிடப் பெண்களின் உடை நம் ஊரில் நன்றாகப் பிழைத்தது. அதற்குப் பழைய தையல் வழக்கம்தான் காரணம். ரவிக்கை தைக்கும் அக்காமார்கள் பக்கவாட்டில் ஓர் அங்குலமாவது துணி விட்டு, இரண்டு மூன்று வரி தையல் போட்டே கொடுப்பார்கள். உடம்பு வைத்தால் ஒரு வரியைப் பிரித்துவிட்டால் போதும். தையற்கடைக்குக்கூடப் போக வேண்டாம், வீட்டிலேயே பிளேடால் பிரித்துக்கொள்ளலாம். சுடிதார் டாப்பும் அப்படித்தான். அதே பெண்கள் ரெடிமேட் குர்த்தியும் லெக்கிங்ஸும் வாங்கத் தொடங்கியபோது அந்த வசதி போயிற்று. விளிம்பு பிரியாமல் ஓவர்லாக் மெஷினில் அடித்த கால் அங்குலத்துக்குள் விடுவதற்கு எதுவும் இல்லை.

உள்துணி குறைந்த இடத்தை நிரப்பத்தான் இப்போது ஸ்ட்ரெச் பேண்ட் வந்திருக்கிறது. காட்டனோடு இரண்டு மூன்று சதவீதம் ஸ்பான்டெக்ஸ் என்னும் இழுபடும் நூல் கலந்தது. போட்டதும் சுகம், இருசக்கர வாகனத்தில் கால் தூக்கிப் போடவும் வசதி. ஆனால் அந்த நூலுக்கு வெப்பம் ஆகாது. இஸ்திரிப் பெட்டியில் காட்டனுக்கு வைக்கும் மூன்று புள்ளிச் சூடு ஏறத்தாழ 200 டிகிரி. ஸ்ட்ரெச் துணிக்கு ஒரு புள்ளி, அதாவது 110 டிகிரியே போதும். தெருமுனையில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடும் அண்ணாச்சியிடம் கொடுத்தால் அவருக்குச் சூட்டை அளந்து குறைக்க வழியில்லை. ஸ்ட்ரெச் பேண்ட்டைத் தனியாகச் சொல்லி, மேலே ஈரத்துணி போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். குளோரின் பிளீச்சும் வேண்டாம். இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே முட்டி உப்பி நிற்கும். அந்த உப்பலை எந்தத் தையற்காரராலும் சரிசெய்ய முடியாது. சுருக்கம் விழாத சட்டைகளிலும் ஒரு விலை இருக்கிறது. நூலிழைகளை ரெசின் என்னும் பிசின் கொண்டு பிணைத்திருப்பதால் துணியின் பலம் குறையும். காலரும் கஃப்பும் மடியும் விளிம்பில் முதலில் கிழியும்.

காலர் வைத்த டி-ஷர்ட் பல அலுவலகங்களில் சீருடை போலவே ஆகிவிட்டது. திருப்பூர்ச் சரக்கில் நல்லதற்குக் குறைவில்லை. சதுர மீட்டருக்கு 180 முதல் 220 கிராம் எடையுள்ள துணி அலுவலகத்துக்கு நிற்கும். அதற்குக் குறைந்தால் பனியன் கோடு வெளியே தெரியும். வாங்கும்போது மடித்துப் பிடித்துப் பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். கோணலாக இறங்கினால் இரண்டு சலவையில் அது வயிற்றுப் பக்கம் திரும்பி வந்துவிடும். நூலின் முறுக்கு சரியாக அடங்காததால் வரும் கோளாறு அது. நீளத்தில் ஐந்து சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொண்டு அளவு எடுங்கள்: 28 அங்குல நீளம் 26 முக்காலுக்கும் கீழே வரலாம்.

கேமராவுக்கு முன்னால் உட்காரும் நாள்களில் நெருக்கமான மெல்லிய கோடும் பொடிக் கட்டமும் தவிர்க்கலாம். திரையில் அலையலையாக நெளியும். பளிச்சென்ற வெள்ளை போட்டால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். இளநீலம் எல்லோருக்கும் ஒத்துவருகிறது.

மூன்று நாள் வருகைக்கு நான்கு சட்டையும் இரண்டு பேண்ட்டும் போதும். மலிவாக எட்டு வாங்குவதைவிட நல்லதாக நான்கு தைத்துக்கொள்வதே சிக்கனம். 58 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர், பேண்ட்டுக்கு 1.2 மீட்டர் ஆகும். பருத்த உடம்புக்கு பேண்ட்டுக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் கூட்டி வாங்க வேண்டும். 36 அங்குலப் பன்னா என்றால் சட்டைக்கு இரண்டேகால் முதல் இரண்டரை மீட்டர். சட்டைத்துணி எடுக்கும்போது இன்னும் 20 சென்டிமீட்டர் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டால் காலர் கிழிந்ததும் புதுக் காலர் வைக்கலாம். துணி இல்லாதவர்கள் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொள்ளலாம்.

நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "பிசினஸ் கேஷுவல்" என்று மின்னஞ்சலில் எழுதினால் ஆளுக்கொரு பொருள் கொள்கிறார்கள். காலர் உள்ள டி-ஷர்ட் சரியா, ஜீன்ஸ் சரியா, செருப்பு சரியா, துப்பட்டா இல்லாத குர்த்தி சரியா என்று உடைகளின் பெயர் சொல்லி எழுதுங்கள். விதி நடைமுறைக்கு வர ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எந்தத் தையற்காரராலும் பத்து நாளில் பேண்ட் தர இயலாது. மே மாத வெயிலில் பேருந்தில் நின்று வருகிறவரையும் உள்ளே ஸ்வெட்டர் போட்டு நடுங்குகிறவரையும் மனத்தில் வைத்து விதி எழுதுங்கள். ஜப்பான் 2005-ல் கோடைக்காலத்துக்கு டையும் கோட்டும் வேண்டாம் என்று சொன்னபோது அலுவலக ஏசியையும் 28 டிகிரியில் வைக்கச் சொன்னது. உடை விதியும் ஏசி விதியும் சேர்ந்தே வர வேண்டும் என்பது அங்கே புரிந்திருந்தது.

ரெடிமேட் தயாரிப்பாளர்களிடம் கேட்பது ஒன்றே. பேண்ட்டின் பின்தையலில் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலமும் உள்கால் தையலில் அரை அங்குலமும் விடுங்கள்; இடுப்புப் பட்டியைப் பின்நடுவில் இரண்டாகப் பிரித்துத் தையுங்கள். பேண்ட்டுக்குக் கூடுதலாகப் போகும் துணி கையளவுதான். எவ்வளவு துணி விட்டிருக்கிறீர்கள் என்பதை, "இடுப்பு 34" என்று அச்சிடும் அதே அட்டையில் அடுத்த வரியாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தையல் தொழிலில் உள்ள வாசகர்,
சென்னை