தோளில் கிடக்கும் துண்டு

நிஷி கசாய், டோக்கியோ
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வம்,

வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிடாமல், நாலு பக்கம் கைப்பட எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறாய். மூன்று தடவை படித்துவிட்டேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரி வந்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். சின்னவன் தூக்கத்தில்கூட ஜப்பானிய மொழியில்தான் பேசுகிறான். அவனைத் தமிழில் பேச வைப்பது அவன் அம்மாவுக்கு அன்றாட வேலையாகிவிட்டது.

யாழினியின் தோள்தான் ஒரு வாரமாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜவ்வு ஆறவில்லை என்கிறார் டாக்டர். அடுத்த மாதம் மாநில ஜூடோ போட்டி. டேப் சுற்றிக்கொண்டு இறங்கலாம் என்கிறார் கோச். இறங்கியே தீருவேன் என்று சாப்பிடாமல் அடம்பிடிக்கிறாள் பிள்ளை. இத்தனையும் எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தில், "நம்ம ஆரஞ்சு டிரவுசர்க்காரன் இப்போ எங்கே இருக்கான், எப்போ நிறுத்தினான்?" என்று கேட்டிருக்கிறாய். அது சும்மா கேட்ட கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சிடியை ஹாஸ்டலில் வார்டன் தூங்கிய பிறகு போட்டுப் பார்த்தோமே, அது 2000-ஆம் ஆண்டு மே 1, டோக்கியோ டோமில் நடந்த சண்டை. ஒரே மாதிரி முகமூடி போட்ட மூன்று பேர் வரிசையாக நடந்து வந்தார்கள். "இதுவும் டபிள்யூடபிள்யூஎஃப் மாதிரி டூப்புதான், லைட்டை அணை" என்றாய் நீ. முகமூடியைக் கழற்றியதும் பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி ஒரு முகம். முழங்காலில் கட்டு. அவர்தான் கசூஷி சகுராபா.

நீ அன்றைக்குக் கேட்ட 'டூப்பா, நிஜமா?' என்ற கேள்விதான் அந்த ஆளின் வாழ்க்கையே என்று இங்கே வந்த பிறகுதான் புரிந்தது. 1969-இல் வடக்கே, பனி கொட்டும் அகிதா மாகாணத்தில் பிறந்தவர். சின்ன வயதில் டைகர் மாஸ்க் என்ற முகமூடி ரெஸ்லர் என்றால் உயிர். பள்ளியிலும் சூவோ பல்கலைக்கழகத்திலும் முறையாக மல்யுத்தம் கற்றார். பிறகு ஜப்பானிய ரெஸ்லிங் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அங்கே முடிவு முன்கூட்டியே பேசி வைத்ததுதான். ஆனால் பயிற்சி அசல். பில்லி ராபின்சன் என்ற இங்கிலாந்துக் கிழவர் பழைய கேட்ச் மல்யுத்தப் பிடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். பார்வையாளர்கள் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஒருத்தன் நிஜத்தைக் கற்றுக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் பிரேசிலிலிருந்து, ஜியு-ஜிட்சு என்ற பிடிச்சண்டைக்குப் பேர்போன கிரேசி குடும்பம் கிளம்பி வந்தது. குத்து, உதை, பிடி எல்லாம் செல்லுகிற யுஎஃப்சி என்ற அமெரிக்கப் போட்டி 1993-இல் முதல் தடவை நடந்தபோது ராய்ஸ் கிரேசி வென்றார். ஜப்பானிய ரெஸ்லிங்கின் பெரிய நட்சத்திரம், சகுராபாவின் மூத்தவர் நொபுஹிகோ தகாடா. அவரை ரிக்சன் கிரேசி 1997-இல், அதே மாதிரி ஜப்பானில் தொடங்கிய பிரைட் என்ற போட்டியின் முதல் நிகழ்ச்சியில் ஒரு சுற்றுக்குள் முடித்தார். ஊரே தலைகுனிந்தது. ரெஸ்லர்கள் வெறும் நடிகர்கள் என்ற பேச்சு எங்கும். அதே வருடம் டிசம்பரில் யோகோஹாமாவில் யுஎஃப்சி நடந்தது. காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக உள்ளே வந்த சகுராபா, தன்னைவிட மிகவும் கனமான மார்கஸ் சில்வேராவோடு மோதினார். காலைப் பிடிக்கக் குனிந்தவரைப் பார்த்து, மயங்கி விழுகிறார் என்று நினைத்து நடுவர் நிறுத்திவிட்டார். சகுராபா கோதாவை விட்டு இறங்க மறுத்தார். பேச்சுவார்த்தை நடந்தது, முடிவு ரத்தானது, அன்று இரவே மறுபடி மோதி, கையைப் பூட்டி வென்றார். மைக்கில் அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: புரோ ரெஸ்லர்கள் உண்மையிலேயே பலசாலிகள்தான். அந்த வாக்கியத்தைக் கேட்டு அழுதவர்கள் என் ஆபீஸிலேயே இருக்கிறார்கள். இந்த ஊரில் ஐம்பது வயது ஆட்களிடம் சகுராபா பெயரைச் சொல்லிப் பார், முகமே மாறும். 39 என்ற எண்ணை இங்கே 'ச-கு' என்றும் வாசிக்கலாம். அந்த எண் போட்ட சட்டையை இன்னும் மடித்து வைத்திருப்பவர்கள் உண்டு.

இனி நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம்.

யாழினிக்கு உதே-கராமி தெரிந்திருக்கும். எதிராளியின் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையை அவன் மேல்கைக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்து, தன் மணிக்கட்டையே பிடித்து, அவன் கையை முதுகுப்பக்கம் முறுக்குவது. தோளும் முழங்கையும்தான் விலை. 1951-இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கத்தில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, ஹெலியோ கிரேசிக்கு இந்தப் பூட்டைப் போட்டார். கை ஒடிந்தது. தோல்வியை ஒப்புக்கொள்கிறவன் கையால் தட்ட வேண்டும், ஹெலியோ தட்டவில்லை. அவருடைய அண்ணன் கார்லோஸ்தான் துண்டை எறிந்து நிறுத்தினார். அந்தப் பூட்டுக்கே கிமுரா என்று பெயர் வந்துவிட்டது.

48 வருடம் கழித்து, 1999 நவம்பரில், ஹெலியோவின் மகன் ராய்லருக்கு சகுராபா அதே பூட்டைப் போட்டார். ராய்லரும் தட்டவில்லை. நடுவர் நிறுத்தினார். நாங்கள் தோற்கவே இல்லை என்று குடும்பம் கொதித்தது. அந்தக் கோபத்தில்தான், ராய்லரின் தம்பி ராய்ஸ் சகுராபாவோடு மோதிய, நாம் சிடியில் பார்த்த அந்தச் சண்டைக்குத் தனி விதி கேட்டார்கள்: பதினைந்து பதினைந்து நிமிடமாக எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகலாம், நடுவர் நிறுத்தக் கூடாது. முடிய வேண்டும் என்றால் வீரனே தட்ட வேண்டும், அல்லது அவன் கார்னரில் நிற்கும் சொந்த ஆட்கள் போதும் என்று துண்டை எறிய வேண்டும்.

நாம் அன்று பார்த்தது சகுராபாவின் குறும்பைத்தான். ராய்ஸ் கழுத்தைப் பூட்டி நிற்கும்போது, இந்த ஆள் அவருடைய ஜூடோ பேன்ட்டை இழுத்துவிட்டு ஜனங்களைப் பார்த்துச் சிரித்தது, இரண்டு கையாலும் தோளில் வெட்டுவது போல ரெஸ்லிங் அடி அடித்தது. நாம் கட்டிலில் ஏறிக் குதித்தோம். போன சனிக்கிழமை தனியாக உட்கார்ந்து மறுபடி முழுசாகப் பார்த்தேன். இந்தத் தடவை என் கண் ராய்ஸின் காலை விட்டு அகலவில்லை. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு ஒவ்வொரு உதையும் தொடையிலேயே இறங்குகிறது. முதலில் காலைத் தூக்கித் தடுக்கிறார். பிறகு தூக்குவது தாமதமாகிறது. பிறகு தூக்குவதே இல்லை, உதை விழுந்ததும் காலை மாற்றி வைக்கிறார், அவ்வளவுதான். ஆறாவது சுற்று முடிந்தது. தொண்ணூறு நிமிடம். ஏழாவதற்கு அவரால் எழுந்து நிற்க முடியாது. தொடை எலும்பு முறிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. தந்தை ஹெலியோ அங்கேயே இருக்கிறார். அண்ணன் ரோரியன் துண்டை எறிந்தார்.

தட்டுவதைவிட எலும்பு ஒடிவதே மேல் என்று வளர்ந்த குடும்பம் அது. அத்தனை ஆயிரம் பேர் முன்னால், அந்த அண்ணனுக்கு அந்தக் கையை ஓங்குவது லேசாக இருந்திருக்காது. அன்று நாம் சகுராபா ஜெயித்தார் என்று கத்தினோம். இன்று எனக்கு ரோரியன்மேல்தான் மரியாதை பெருகுகிறது.

இன்னொன்று நமக்கு மறந்தே போச்சு. அந்தத் தொண்ணூறு நிமிடம் முடிந்து, அதே இரவில், சகுராபா ஹெவிவெயிட் குத்துக்காரர் இகோர் வோவ்சான்சினோடும் இறங்கினார். பதினைந்து நிமிடம் நின்றார், சில இடங்களில் அவரைக் கீழேயும் தள்ளினார். நடுவர்கள் சமன் என்று சொல்லிக் கூடுதல் சுற்றுக்குப் போகச் சொன்னபோது, சகுராபாவின் சொந்தக் கார்னர் துண்டை எறிந்தது. அதற்கும் நாலு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்டில் கார்லோஸின் பேரன் ரென்சோவை அதே கிமுராவால் பிடித்தார். முழங்கை விட்டுப்போயும் ரென்சோ தட்டவில்லை. ஆனால் மைக்கைப் பிடித்து, சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை, இன்று அவர் என்னைவிடச் சிறந்தவர் என்று சொன்ன மனுஷன் அவர். டிசம்பரில் ரையனையும் வென்றார். ஒரே வருடத்தில் மூன்று கிரேசிகள். அன்று மே மாதம் சகுராபாவின் கார்னரிலிருந்து அந்தத் துண்டு விழாமல் போயிருந்தால் இந்த இரண்டு வெற்றியும் இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்.

அதற்குப் பிறகுதான் செல்வம், எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 2001 மார்ச்சில் வாண்டர்லே சில்வா 98 நொடியில் அடித்து வீழ்த்தினார். கீழே விழுந்தவனை உதைக்கவும் மிதிக்கவும் அன்றுதான் விதி திறந்துவிடப்பட்டிருந்தது. அதே வருடம் நவம்பரில் மறுபடி அதே சில்வா, காறை எலும்பு போயிற்று. 2003-இல் மூன்றாவது தடவை, நினைவிழந்து விழுந்தார். நடுவே மிர்கோ குரோ காப்பின் அடியில் கண்குழி எலும்பு உடைந்தது. சில்வா மாதிரி 93 கிலோ வரை உள்ளவர்களோடு இவர் பாதி நேரம் பத்துக் கிலோ குறைவாகவே மோதினார். ஜனங்களுக்கு அவர் வேண்டும், டிக்கெட்டுக்கு அவர் வேண்டும். அவரும் கூப்பிட்டால் வருகிறவர். அவரை வைத்து அரங்கத்தை நிரப்பியவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

2006 ஆகஸ்டில் லிதுவேனியாக்காரர் ஸ்மிர்னோவாஸ் அவரைக் கயிற்றோரம் போட்டு அடித்த அடியில், சண்டை முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். நடுவர் நிறுத்தவில்லை. எப்படியோ எழுந்து, கையைப் பூட்டி ஜெயித்தார். அந்த வெற்றியை நான் உனக்கு ஃபோன் போட்டுக் கொண்டாடினேன், நினைவிருக்கா? அதே வருடம் பயிற்சியில் மயங்கி விழுந்தார், மூளைக்குப் போகிற ரத்த ஓட்டத்தில் குறை என்று கண்டுபிடித்தார்கள். அப்படியும் டிசம்பர் 31 அன்று ஒசாகாவில் யோஷிஹிரோ அகியாமாவோடு இறங்கினார். பிடித்த பிடியெல்லாம் நழுவுகிறது. "வழுக்குது, வழுக்குது" என்று நடுவரைப் பார்த்துக் கத்துகிறார். யாரும் நிறுத்தவில்லை. அடி விழுந்துகொண்டே இருந்தது. உடம்பில் கிரீம் தடவியிருந்ததை அகியாமா பிறகு ஒப்புக்கொண்டார், முடிவும் ரத்தானது. ரத்து செய்தால் வாங்கிய அடி திரும்பிப் போகுமா? 2010 கடைசி நாளில் காது கிழிந்து தொங்கியது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 29, சைதாமா சூப்பர் அரீனா. அவருக்கு வயது 46. எதிரில் ஷின்யா அவோகி. நான் போயிருந்தேன், மேல் வரிசையில் ஓர் இடம். கொஞ்ச நேரத்திலேயே சகுராபா கீழே, அவோகி மேலே. குத்து, குத்து, குத்து. பக்கத்தில் இருந்த பெரியவர் கையில் இருந்த நிகழ்ச்சி அட்டையைச் சுருட்டி இறுக்கிக்கொண்டே இருந்தார். என் வாயிலிருந்து தமிழில் "போதும்யா, போதும்" என்று வந்துவிட்டது. ஐந்து நிமிடம் 56 நொடி. துண்டு விழுந்தது. பெரியவர் நீண்ட மூச்சு விட்டார், நானும். அதற்குப் பிறகு சகுராபா அப்படி ஒரு சண்டைக்கு இறங்கவில்லை. மொத்தம் 26 வெற்றி, 17 தோல்வி.

ஆள் நன்றாக இருக்கிறார். 2017-இல் யுஎஃப்சி தன் புகழரங்கில் சேர்த்துக்கொண்டது. 2018-இல் குவின்டெட் என்று ஒரு போட்டி தொடங்கினார். குத்து கிடையாது, உதை கிடையாது, பிடிகள் மட்டும். அணிக்கு ஐந்து பேர், ஜெயித்தவன் நின்று அடுத்தவனோடு மோதுவான். ராபின்சன் கிழவர் கொடுத்த பிடிகள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன.

யாழினியைப் போட்டியிலிருந்து விலக்கு, செல்வம். கோச்சிடம் நீயே போய்ச் சொல், அவளைச் சொல்ல வைக்காதே. அவள் தட்டமாட்டாள். அவள் உன் மகள், எனக்குத் தெரியாதா! பத்து நாள் உன்னோடு பேசமாட்டாள். எனக்கு ஃபோன் போடச் சொல், நான் வாங்கிக்கட்டிக்கொள்கிறேன். அவள் முகத்தைப் பார்த்து நீ இளகிவிடுவாய் என்ற பயம் எனக்கு இருக்கிறது. இளகாதே. ராய்ஸ் மறுபடி பல வருடம் சண்டை போட்டார், தெரியுமா? கால் கூடிய பிறகு.

பொங்கலுக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. இங்கே தோளுக்குப் போடுகிற நல்ல பட்டை கிடைக்கிறது, ஆறும்வரை இரவில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. வலது தோளா இடது தோளா என்று நீ எழுதவே இல்லை. அதையும், மேல்கைச் சுற்றளவையும், நெஞ்சளவையும் டேப் வைத்து அளந்து அனுப்பு.

என்றும் உன்,
குமரன்