ஊருக்குச் சொந்தமாக ஒரு காத்தாடி

அன்புள்ள ராமசாமிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆடிக் காற்றில் தோப்பில் இரண்டு தென்னை சாய்ந்துவிட்டன. அந்த வேலையில் பதில் தள்ளிப்போனது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பேத்திக்கு முதல் பல் முளைத்துவிட்டது.

"உடுமலைப் பக்கம் காத்தாடியெல்லாம் இன்னும் சுத்துதா?" என்று காற்றாலைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். சுற்றாமல் என்ன? வைகாசியில் பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்த காற்று புரட்டாசி வரை ஓயாதே. மழையைக் கேரளாக்காரன் எடுத்துக்கொண்டு வெறும் காற்றை நமக்கு அனுப்புகிறான் என்று உன் அப்பா சலித்துக்கொள்வார், அதே காற்றுதான். போன மாதம் ஒரே ஒரு இறக்கையை ஏற்றி வந்த லாரி, பள்ளிக்கூட முக்கில் திரும்ப முடியாமல் அரை நாள் நின்றது. ஊரே வேடிக்கை பார்த்தது, நானும்தான்.

எங்கள் சித்தப்பா மேட்டுக்காட்டை விற்றது நினைவிருக்கிறதா? கொள்ளுகூட விளையாத கல்லுக்காடு, போனால் போகட்டும் என்றார். இப்போது அவர் மகன் திண்ணையில் உட்கார்ந்து, அங்கே நிற்கும் காத்தாடி ஒரு சுற்றுக்கு எவ்வளவு சம்பாதிக்கும் என்று கணக்குப் போடுகிறான். காற்று நம்முடையது, காத்தாடி யாருடையதோ.

அதனால்தான் ஓடந்துறையை நினைத்தால் எனக்குப் பொறாமை. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்து ஊராட்சி. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கரண்ட் பில் கட்டி மாளவில்லை. முதலில் மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மோட்டார் ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் 2006இல், சண்முகம் தலைவராக இருந்தபோது, ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கிவிட்டது. விலை சுமார் 1.55 கோடி. கையிருப்பு போக மீதி வங்கிக் கடன். வேடிக்கை என்னவென்றால், அது நிற்பது அவர்கள் ஊரில் இல்லை, நம்ம உடுமலைப் பக்கத்து மைவாடியில்! இங்கே மின்வாரியக் கம்பியில் ஏற்றிய யூனிட்டை அங்கே ஊராட்சியின் மின்கணக்கில் கழித்துக்கொண்டார்கள். அப்போது வருடத்துக்கு 6.75 லட்சம் யூனிட் போல வந்தது, ஊருக்கு வேண்டியிருந்தது 4.5 லட்சம். மிச்சத்தை வாரியத்துக்கே விற்றார்கள். அந்த வருமானத்தில் கடனையும் அடைத்தார்கள். காற்றடிக்காத ஊருக்கும் காத்தாடி இருக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் இத்தனை வருடம் இருந்தவன் நீ, "சீசன் கரண்ட்டை நம்பி ஊர் நடத்த முடியுமா?" என்பாய். சரிதான். தை, மாசியில் இறக்கைகள் சும்மா நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். அப்போது உன் நிலக்கரிதான் கை கொடுக்கிறது. ஆனால் காற்று வீசுகிற மாதங்களில் அவ்வளவு நிலக்கரி மிச்சம், அவ்வளவு சாம்பலும் மிச்சம். அந்தச் சாம்பலை எங்கே கொட்டுவது என்று புலம்பியவன் நீதானே?

குறை இல்லாமல் இல்லை. ராத்திரியில் காற்று திரும்பினால் 'வூஷ் வூஷ்' என்று ஒரு சத்தம். வீட்டுக்காரிக்கு ஆறு மாதம் தூக்கம் வரவில்லை. இப்போது சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்கிறாள்.

மே 1 கிராம சபையில் ஓடந்துறைக் கதையைச் சொன்னேன். "முதல்ல சாக்கடையைப் பாருங்க வாத்தியாரே" என்றார்கள். அதுவும் நியாயம்தான். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் மறுபடி எழுந்து நிற்கப் போகிறேன். அதற்குள் ஒரு உதவி செய். மின்கட்டணக் கணக்கெல்லாம் உனக்கு அத்துபடி. நம் ஊராட்சியின் ஒரு வருட பில்லை இத்துடன் வைத்திருக்கிறேன், எத்தனை கிலோவாட் இருந்தால் போதும் என்று போட்டு அனுப்பு.

நேரில் வந்தால் இன்னும் நல்லது. காற்று அடங்குவதற்குள் வா, மைவாடிக்குப் போய் அந்தக் காத்தாடியைப் பார்த்துவிட்டு வரலாம். வெறும் கையோடு வராதே, அணை மீன் கொண்டு வா.

அன்புடன்,
பழனிசாமி