கார் கூரையில் கேனோ ஏற்றுவோருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அரியமான், பிரப்பன்வலசை, குந்துகால் என்று கேனோ, கயாக் ஆகிய துடுப்புப் படகுகளைச் சொந்தக் காரிலேயே கொண்டுசெல்ல விரும்புகிறவர்கள் எங்களிடம் கார் கூரைக்கான கேரியர் பொருத்திக்கொள்கிறார்கள். கேரியரை மாட்டியதும் வண்டியைக் கொடுத்துவிடாமல், படகை ஏற்றி அதன் அணியத்தையும் (முன்முனை) பின்முனையையும் தனித்தனியே இழுத்துக் கட்டிக் காட்டிய பிறகே ஒப்படைக்கிறோம். இதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று சிலர் கேட்பதால், காரணத்தை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சிறிய கார்களில் கேரியரின் இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கும் இடையே பெரும்பாலும் முக்கால் மீட்டர்தான் இடைவெளி கிடைக்கும். நான்கு, ஐந்து மீட்டர் நீளமுள்ள கேனோவின் இரு முனைகளும் அதற்கு வெளியே பிடிப்பில்லாமல் நிற்கும். கவிழ்த்து ஏற்றிய கேனோவின் அடியில் எதிர்க்காற்று புகுந்து அணியத்தை மேலே தூக்கும்போது, முனைகளைக் கட்டாவிட்டால் அந்த இழுவை முழுவதும் முன்கம்பியின் பிடிப்பில்தான் விழுகிறது. வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனால் காற்றின் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. பாம்பன் சாலைப் பாலத்திலோ காற்று பக்கவாட்டிலும் தள்ளும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பக்கத்து ரயில் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைப்பார்கள் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆடி மாதக் காற்றில் கேனோவோடு பாலம் ஏறாதிருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

முனைக் கயிறுகளைப் பிளாஸ்டிக் பம்பரில் கட்டக் கூடாது. பல கார்களில் ஸ்டெப்னி அருகே கருவிகளோடு ஒரு இழுவைக் கொக்கி இருக்கும்; பம்பரில் உள்ள சிறு மூடியைக் கழற்றி அதைத் திருகினால் உறுதியான பிடி கிடைக்கும். நைலான் கயிறு நனைந்தால் நீண்டு தொய்ந்துவிடும் என்பதால் பாலியெஸ்டர் பெல்ட்டையே தருகிறோம். பெல்ட்டை இறுக்கும் பல்சக்கரப் பிடியான ராட்செட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் படகின் ஓடு நெளியும், ஃபைபராக இருந்தால் விரிசல் விடும். பெல்ட்டைக் கையால் இழுத்து இறுக்குவதே போதும். புறப்பட்ட சில கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்தி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கூரை தாங்கும் எடை உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். கேரியரின் எடையும் அந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுமை அனுமதித்த அளவை மீறி நீண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம் உண்டு.

நம் கடற்கரையின் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு போல்ட் சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும். ஆகவே விலை கூடினாலும் உப்பால் எளிதில் துருப்பிடிக்காத 316 ரக எஃகு போல்ட்டுகளையே போடுகிறோம். அப்படியிருந்தும், கடலுக்குப் போய்வந்த அன்றே கேரியரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்; ரப்பர் பட்டைகளுக்கு அடியில் தங்கும் மணல், பெயிண்ட்டைத் தேய்த்துக் கூரைத் தகட்டையும் துருவேற்றிவிடும். வெயிலில் வெளுத்து, ஓரத்தில் நூல் பிரிந்த பெல்ட்டை எங்களிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

கேரியர் பொருத்த வரும்போது படகையும் காரின் கையேட்டையும் தவறாமல் உடன் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்,
மண்டபம்